அலமாரி மேல் ஏறிய விளக்கு

“ஒரே ஒரு வரிதான்க்கா. அதுக்கு மேல நீங்க எதுவும் பேச வேணாம். மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

“எந்த வரி?”

“அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல சொன்னீங்களே, அதேதான். ‘படகு வரல, என் தம்பி போன்லயே சொன்னான்.’ கூடப் பிறந்த அக்கா வாயால வந்தா அதுக்கு இருக்கிற கனமே வேற.”

வாசுகி கையிலிருந்த காகிதக் குவளையைப் பார்த்தாள். மைலோ ஆறிப்போய் மேலே மெல்லிய ஆடை படிந்திருந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்த மனோகரன் எதிர்க்கட்சியின் வட்டாரச் செயலாளர். குரல் கரகரத்துப் போயிருந்தது. கட்சிச் சட்டையின் தோளில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. இந்த மனிதரை வெறுத்துவிட முடிந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். முடியவில்லை. பத்து பாகாட் நகருக்கு வெளியே இருந்த இந்தப் பள்ளி மண்டபத்துக்கு வெள்ளம் வந்த முதல் நாளே மெத்தைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அரசாங்க லோரி மறுநாள் மத்தியானம்தான் வந்தது.

“மூணு மணிக்கு வெளிய, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல. எட்டுப் பத்திரிகைக்காரங்க, ரெண்டு டிவி. உங்க தம்பி சம்சாரம் ஷாமளா சும்மா உக்காந்தா போதும். நீங்கதான் பேசணும்.”

“எனக்குப் பேச வராதுங்க.”

“அழுதாலும் பரவால்லக்கா.”

சொன்ன பிறகு அவருக்கே அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

“அவங்க என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க. இத எப்படிச் சும்மா விடறது?”

ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் புத்தம்புது ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நிற்கும் படம். கீழே அவருடைய அறிக்கை. சம்பவத்தன்று காலை பத்து இருபதுக்கு மீட்புப் படகு அந்த வீட்டு வாசலுக்கே போனது. வீட்டில் இருந்தவர் ஏற மறுத்தார். காப்பாற்றப்பட விரும்பாத ஒருவரை எந்த அரசாங்கத்தாலும் காப்பாற்ற முடியாது. ஒரு சாவை வைத்து அரசியல் செய்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும். அதற்குக் கீழே நானூறு கருத்துகள். பிடிவாதக்காரன், முட்டாள், நல்லா வேணும். சில இடங்களில் எழுத்தே இல்லை, சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மட்டும்.

“செத்தவன் மேலயே பழிய தூக்கிப் போட்டுட்டாங்க. அவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான்ல.”

மண்டபத்துக்குள் குடும்பத்துக்கு ஒன்றாக அடித்திருந்த கூடாரங்களில், பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். “மனோகரா, போன எலெக்‌ஷனுக்கு ஒரு குடை குடுத்தியே, இன்னொன்னு இருக்கா? எங்க தலைக்கு மேல ஒழுகுது லா.”

“மொதல்ல ஓட்டுப் போட்டீங்களாண்ணே?”

“போட்டேன். அதான் ஒழுகுது.”

நாலைந்து கூடாரங்களில் சிரிப்பு எழுந்தது. மனோகரனும் சிரித்தார். வாசுகிக்கும் உதட்டோரம் அசைந்தது. அசைந்ததை உணர்ந்ததும் குவளையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“மூணு மணிக்கு, அக்கா. மறந்துடாதீங்க.”

படகு வந்தது. அதை நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் இப்போது இரண்டே பேர். படகை ஓட்டியவர் ஒருவர். வாசுகி இன்னொருவர்.

படகு வந்த அன்று, அம்மா வெள்ளையம்மா இறந்து பதினோராம் நாள். தம்பி குணாளனின் வீட்டில்தான் அம்மா இருந்தாள், அங்கேயேதான் போனாள். படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பித்தளை விளக்கு, ஒரு தம்ளர் தண்ணீர். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த விளக்கு அணையக் கூடாது, வீடும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது. எட்டாம் நாள் விடுமுறை முடிந்து வாசுகி தம்போயில் இருக்கும் தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டாள். பத்தாம் நாள் சாயங்காலம் தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது, குணாளன் மனைவியையும் மகளையும் பக்கத்து வீட்டுக்காரரின் லோரியில் ஏற்றி இந்த மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, விளக்குக்குத் துணையாகத் தான் மட்டும் தங்கினான்.

மறுநாள் காலை பத்து இருபத்து நாலுக்குக் கூப்பிட்டான். வாசுகி கேண்டீனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, படகு வந்திருக்கு. வாசல்லயே நிக்குது.”

“தண்ணி எவ்ளோடா?”

“முட்டிக்குக் கொஞ்சம் மேல.”

“வெளக்கு?”

“அதத்தான் கேக்கிறேன். கையில புடிச்சிட்டே ஏறலாம்னு பாத்தேன். படகுல பெட்ரோல் டின் இருக்கு, நெருப்பு ஏத்தக் கூடாதுங்கிறாரு. அணைச்சிட்டு வந்து அங்க ஏத்திக்கவா? நீ சொல்லுக்கா.”

இருபது வருடங்களுக்கு முன் அப்பாவின் விளக்கு ஆறாம் நாள் அணைந்துபோனது. அன்று காவல் இருந்தவள் வாசுகி. கண்ணயர்ந்துவிட்டாள். அடுத்த வருடம் அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அம்மா ஒருநாளும் அவளைத் திட்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு மூச்சு விடுகிற இடமாவது அம்மா வைத்திருக்கலாம் என்று வாசுகி நினைத்துக்கொள்வாள்.

“பதினோரு நாள் காத்துட்டு இப்பப் போய் அணைப்பியா?” என்றாள். பின்னால் நின்றவள் வரிசையில் நகரச் சொல்லி முதுகைத் தொட்டாள். “முட்டித் தண்ணிதானே குணா. அடுத்த படகு வராமலா போயிரும்? நான் மத்தியானமே கெளம்பி வர்றேன். நான் வந்து வெளக்குகிட்ட உக்காந்துக்கிறேன், அப்புறம் நீ போ. அதுவரைக்கும் இரு.”

“சரிக்கா.”

அவன் யாரிடமோ மலாயில் பேசுவது கேட்டது. பிறகு மறுபடியும் அவளிடம், “ரெண்டு மணிக்குத் திரும்ப வர்றாராம்” என்றான். படகின் எஞ்சின் சத்தம் காதுக்குள் கொஞ்ச தூரம் போய்த் தேய்ந்தது. அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு அவள் கிளம்பினாள். ஆயர் ஹீத்தாமில் சாலையை மூடியிருந்தார்கள். காருக்குள் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய எண் முதலில் அடித்தது, பிறகு அடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பி வேலியில் அவனைக் கண்டெடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஷாமளா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, உங்ககிட்டதானே கடைசியா பேசினாரு. படகு வந்துச்சாமா?”

“இல்ல.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று வாசுகிக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. இரண்டடி தள்ளி, தண்ணீர் பாட்டில் பெட்டியோடு மனோகரன் நின்றிருந்தார். அன்று மாலையே அந்த ஒற்றைச் சொல் ஜொகூர் மாநிலம் முழுக்கப் போய்விட்டது.

மண்டபத்தில் இருபத்தேழாம் எண் கூடாரத்துக்குள் ஷாமளா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் மேகி பெட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் குணாளனின் பாஸ்போர்ட் படம், ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர், பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் விளக்கு ஒன்று. மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு எல்லாமே இரண்டு வெள்ளி என்கிற மலிவுக் கடையில் விற்பார்களே, அந்த விளக்கு. மஞ்சள் சுடர் போல வெட்டிய பிளாஸ்டிக் துண்டு உள்ளிருந்து மினுக்கிக்கொண்டே இருந்தது. காற்றுக்கும் அசையாது, எண்ணெயும் கேட்காது. பன்னிரண்டு வயது மகள் ஷர்மினி மாற்று பேட்டரிகளைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாள்.

“அத்தை, இது அணையவே அணையாதுல்ல?” என்று கேட்டாள்.

“அணையாதும்மா.”

“அப்போ நாம வெளிய போலாமா?”

வாசுகி அவள் தலையைத் தடவினாள். அம்மாவின் பதினாறாம் நாள் நேற்று வந்து போய்விட்டது. யாரும் எதுவும் செய்யவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

“நானூத்திப் பன்னெண்டு,” என்றாள் ஷாமளா, நிமிராமல்.

“என்ன?”

“கீழ எழுதியிருக்கிறவங்க. எல்லாத்தையும் படிச்சிட்டேன் அண்ணி. ஒருத்தன் எழுதியிருக்கான், பொண்டாட்டியோட சண்டையா இருக்கும், அதான் போக மாட்டேன்னுட்டான்னு.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “இவள விட்டுட்டு அவரு வராம இருப்பாரா? படகு வந்திருந்தா மொத ஆளா ஏறியிருப்பாரு. நீங்க மட்டும் இல்லன்னா, இவங்க சொல்றதையே நானும் நம்பியிருப்பேன்.”

வாசுகி கூடாரத்தின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவளோட பொறந்த சூரா வேணுமாம். அந்தப் பத்திரம் அலமாரில மேல் தட்டுல பிளாஸ்டிக் பையில இருக்கு. பதினாறு முடியாம நான் போகக் கூடாது. நீங்க போய் எடுத்துட்டு வர்றீங்களா? சாமான் எடுக்கப் போறவங்கள படகுல கூட்டிட்டுப் போறாங்க.”

படகுக்காரர் ஐம்பது வயது மலாய்க்காரர். நரைத்த மீசை, வெயிலில் கருத்த கழுத்து. கடலோரத்தில் மீன் பிடிப்பவர், வெள்ளக் காலத்தில் படகோடு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சட்டையில் ஹாஷிம் என்று தைத்திருந்தது. வாசுகி தாமான் குடியிருப்பின் பெயரையும் வீட்டு எண்ணையும் மட்டும் சொன்னாள். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

தண்ணீர் இன்னும் தொடை ஆழம் இருந்தது. தேநீர் நிறத்தில், அசைவே இல்லாமல் கிடந்தது. வீடுகள் அதற்குள் நிற்பதைப் பார்க்க, யாரோ ஒரு ஊரை வரைந்துகொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போய்விட்டதைப் போல இருந்தது. ஒரு வீட்டு மதிலில் பிளாஸ்டிக் நாற்காலியொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. தந்திக் கம்பத்தில் பழைய தேர்தல் கொடி, எந்தக் கட்சியுடையது என்று சொல்ல முடியாதபடி சேறு அப்பிக் கிடந்தது.

வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு அவர் மலாயில் மரியாதையோடு சொன்னார்: “இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன், புவான்.”

வாசுகி இறங்காமல் அப்படியே இருந்தாள்.

“உங்கள் தம்பி கதவு நிலையில் சாய்ந்து நின்று போன் பேசினார். என்னைப் பார்த்து, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார். நான் இருந்தேன். எனக்குத் தமிழ் தெரியாது. ஒரே ஒரு சொல் தெரியும். அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.” கொஞ்சம் நிறுத்தி, தமிழில், “அக்கா,” என்றார்.

அவள் கீழே இறங்கி உள்ளே போனாள். கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. கூடத்தில் சோபா குப்புறக் கிடந்தது. அலமாரி மட்டும் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றது. அதன் பக்கத்துச் சுவரில் அவள் பார்வை நின்றது.

வெளிர் பச்சைச் சுவரில் ஒரு புகைக்கறை, முழங்கால் உயரத்தில். விளக்கு முதலில் இருந்த முக்காலிக்கு நேர் மேலே. அடுத்தது இடுப்பு உயரத்தில். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டிருக்கிறான். மூன்றாவது நெஞ்சு உயரத்தில். மேசை மேல் எதையோ அடுக்கியிருக்கிறான். வெள்ளம் ஏறிய கோடு அந்த மூன்றாவது கறையை நனைத்துவிட்டு நின்றிருந்தது. எண்ணெய்ப் புகை என்பதால் தண்ணீரால் எதையும் கழுவ முடியவில்லை. நான்காவது, அலமாரியின் உச்சியில். கூரைப் பலகையில் கரி ஒரு கறுப்பு நாணயம் போலப் படிந்திருந்தது. அதன் கீழே விளக்கு இருந்தது. எண்ணெய் வற்றித் திரி முழுசாகக் கருகியிருந்தது. தானாக எரிந்து முடிந்த விளக்கு. பக்கத்தில் அம்மாவின் படம், சுவரில் சாய்த்து, நனையாமல்.

மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரு கையால் காற்றை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தூக்கி, மேலே மேலே வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் எத்தனை தடவை மணி பார்த்தானோ. ரெண்டு மணி. மூணு மணி. அக்கா வந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, ரப்பர் போட்டிருந்தது. சிகரெட் பிடிக்காதவனுக்கு எதற்குத் தீப்பெட்டி என்று ஷாமளா அப்போது அழுதாள். போகிற இடத்தில் திரும்ப ஏற்றத்தான் என்று வாசுகிக்கு அங்கேயே தெரிந்தது.

ஹாஷிம் வாசல்படியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

“ரெண்டு மணிக்கு வருவேன் என்று சொன்னேன். வந்திருப்பேன்,” என்றார். “பதினொன்றரைக்கு ரேடியோவில் கூப்பிட்டார்கள். எல்லாப் படகும் பாலத்துக்கு வர வேண்டும். தலைநகரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், வெள்ளத்தைப் பார்க்கிறார்களாம். பதினாலு பேர், கூடவே கேமராக்காரர்கள். அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் திருப்பு, வெளிச்சம் சரியில்லை, மறுபடியும் போ. நாலரை மணி ஆகிவிட்டது. ஒரு வீட்டில் ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்றுதானே சொன்னார், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.”

“அப்புறம்?”

“ஐந்தரைக்கு வந்தேன். சந்துக்குள் இழுப்பு பயங்கரமாக இருந்தது, நுழைய முடியவில்லை. பெரிய ரோட்டிலிருந்தே கத்தினேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது உங்கள் வீட்டு ஜன்னலில், மேலே, ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது.” அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஆள் உள்ளேதான் இருக்கிறார், உயரமான இடத்தில் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்தேன், புவான். காலையில் வரலாம் என்று போய்விட்டேன்.”

வாசுகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையில் கரி ஒட்டியது.

“மேலதிகாரிகள் அறிக்கை எழுதச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். பத்து இருபதோடு நிறுத்து, அதற்குக் கீழே இருப்பது வேண்டாம் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்களோ நான் வரவே இல்லை என்கிறார்கள். என் மகள் பள்ளியில் என்னைப் பொய்யன் என்று சொல்கிறார்களாம்.” அவர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். “நான் தனியாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் வந்தேன் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். மிச்சத்தை அதே இடத்தில் நான் சொல்கிறேன். இந்த வேலை எப்படியும் போகப்போகிறது.”

அவள் அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் பிளாஸ்டிக் பை இருந்தது. பிறந்த பத்திரம், கல்யாணப் பத்திரம், ஷர்மினியின் முதல் வகுப்புப் பரிசுச் சான்றிதழ். ஒன்றும் நனையவில்லை. தண்ணீருக்கு மேலே எதை வைக்க வேண்டும் என்று குணாளனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மாவின் படத்தையும் எடுத்துக்கொண்டாள். விளக்கைத் தொட முடியவில்லை. கை அதன் பக்கத்தில் போய்த் திரும்பி வந்தது.

திரும்பும் வழியில், சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். படகு வந்தது என்று சொன்னால் சட்டமன்ற உறுப்பினர் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஹாஷிம் சொல்வதை யாராவது எழுதுவார்களோ என்னவோ. எழுதினாலும் ஒரு விசாரணைக் குழு போடுவார்கள். அதன் அறிக்கை வரும்போது இந்தத் தண்ணீர் வடிந்து, அடுத்த தண்ணீர் வந்திருக்கும். மனோகரன் வேறொரு வீட்டைக் கண்டுபிடிப்பார். எது நடந்தாலும் கூரைப் பலகையில் அந்தக் கறுப்பு வட்டம் இருக்கும். சொல்லாமல் விட்டாலும் இருக்கும். மாறக்கூடியது ஒன்றே ஒன்றுதான். தன்னை அண்ணி என்று கூப்பிட ஷாமளா வாயில் இன்னும் மிச்சமிருக்கும் அந்தக் குரல்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஒலிவாங்கிகளை அடுக்கியிருந்தார்கள். குணாளனின் படம் பெரிதாக்கப்பட்டு ஒரு பலகையில் நின்றது. அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். அவன் எப்போதும் போல, சிரிக்கலாமா வேண்டாமா என்று யாரிடமோ கேட்கிற முகத்தோடு இருந்தான்.

“வாங்கக்கா, வாங்க. டைம் ஆச்சு,” என்று மனோகரன் கையசைத்தார்.

ஷாமளா மண்டப வாசலில் நின்றிருந்தாள். வாசுகியின் பின்னால் வந்த ஹாஷிமின் சட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் அவள் முகம் மாறியது. அறிக்கையில் இருந்த பெயர் அது. நாலே எட்டில் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நீதானா?” என்று மலாயில் கேட்டாள். “என் புருஷன் வர மாட்டேன்னு சொன்னாருன்னு எழுதிக் குடுத்தது நீதானா? உன் வீட்ல புள்ளைங்க இல்லையா?”

ஹாஷிம் தலைகுனிந்து நின்றார்.

“பேசு! வந்தேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!”

“வந்தேன்,” என்றார் அவர், மிகவும் மெதுவாக. “வர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார். போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை நான் எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. வாசுகியின் பக்கம் திரும்பவும் இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய், மழைநீர் சொட்டும் கூரை விளிம்பின் கீழே நின்றுகொண்டார்.

ஷாமளா ஏதோ கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்தவில்லை. அவள் பார்வை வாசுகியின் கையிலிருந்த பிளாஸ்டிக் பைக்கு வந்தது, பிறகு மாமியாரின் படத்துக்கு, பிறகு வாசுகியின் வலது உள்ளங்கைக்கு. அங்கே கரி அப்படியே இருந்தது.

“படகு பத்து இருபதுக்கு,” என்றாள் தனக்குள். “உங்களுக்குக் கூப்பிட்டது பத்து இருபத்து நாலுன்னுதானே சொன்னீங்க.”

“அக்கா, ஒரு நிமிஷம்தான்! டிவிக்காரங்க கெளம்பணுங்கிறாங்க!” என்றார் மனோகரன். யாரோ ஒலிவாங்கியை விரலால் தட்டிப் பார்த்தார்கள். சத்தம் மைதானத்துத் தண்ணீர் மேல் போய்த் திரும்பியது. ஷர்மினி கூடாரத்திலிருந்து பிளாஸ்டிக் விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அது பட்டப்பகலில் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஷாமளா வாசுகியின் அந்தக் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பிடித்த மாதிரி இல்லை. மிகவும் மெல்ல, உடைந்துவிடும் ஒன்றைப் பிடிப்பது போல.

“அவரு உங்கள கேக்காம எதுவுமே செய்ய மாட்டாரு அண்ணி. ஒரு சட்டை எடுக்கணும்னாக்கூட கடையில நின்னுட்டு உங்களுக்குத்தான் போன் போடுவாரு. எனக்கே எத்தனையோ தடவ கோவம் வந்திருக்கு.” அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. “அங்க போய் மைக்குல என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் சொல்லுங்க. படகு வாசல்ல நிக்கும்போது அவரு உங்ககிட்ட என்ன கேட்டாரு? நீங்க என்ன சொன்னீங்க?”